ஸ்காட்லாந்தில் கால் போன போக்கில்

ஸ்காட்லாந்தில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: இங்கே கால் போன போக்கில் நடக்கலாம். அதற்குச் சட்டமே இருக்கிறது. 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி மலை, காடு, ஆற்றோரம், தனியாருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம் என்று ஏறக்குறைய எங்கு வேண்டுமானாலும் யாரும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், ஏரியில் இறங்கி நீந்தலாம், சின்னதாக ஒரு கூடாரம் போட்டுத் தூங்கிவிட்டும் வரலாம் (லாக் லோமண்ட் ஏரிப் பக்கம் சில கரைகளில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கு அனுமதி வாங்க வேண்டும்). வீட்டுத் தோட்டத்துக்குள் நுழையாதே, பயிரை மிதிக்காதே, ஆட்டுக்குட்டிகள் மேயும் இடத்தில் நாயை அவிழ்த்துவிடாதே, கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விட்டுவிட்டுப் போ. இப்படிச் சில பொறுப்புகள் உண்டு, அவை நியாயமானவைதான்.

ஆனால் நடப்பதைவிட உட்காருவதில்தான் சுகம் என்பது என் கட்சி. ஒரு ஃபிளாஸ்க் டீ, கொஞ்சம் பிஸ்கட், ஈரம் படாமல் உட்கார ஒரு பழைய ஷீட், அப்புறம் அரை மணி நேரம் பேசாமல் இருப்பது. பெர்த்ஷயரில் டன்கெல்ட் ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் அப்படி உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது மேலிருந்து ஏதோ உதிரும் சத்தம். அண்ணாந்து பார்த்தால் செவ்வணில். பைன் காயை முன்னங்கால்கள் இரண்டாலும் பிடித்து, சோளக்கதிரைக் கொறிப்பதுபோல் சுற்றிச் சுற்றிச் செதிலைக் கடித்துத் துப்பி, அடியில் இருக்கும் விதையை மட்டும் தின்கிறது. எல்லாம் முடிந்ததும் நடுத்தண்டைக் கீழே போட்டுவிட்டு அடுத்த காய்க்குப் போகிறது. குளிர்காலத்தில் காது நுனியில் நீண்ட முடி குஞ்சம் கட்டி நிற்கும், கோடையில் அது உதிர்ந்துவிடும்.

பிரிட்டனில் மிஞ்சியிருக்கும் செவ்வணில்களில் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில்தான் இருக்கின்றன. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில் இரையைப் பங்குபோடுவதோடு, தன்னை ஒன்றும் செய்யாத ஒரு அம்மை நோயைச் செவ்வணிலுக்குப் பரப்பிக் கொன்றுவிடுகிறது. பைன் மார்ட்டன் என்ற மரநாய் இனம் மறுபடி பெருகிய காடுகளில் சாம்பல் அணில் குறைந்து செவ்வணில் திரும்பி வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இந்த மண்ணில் அற்றுப்போய்த் திரும்பி வந்தவை இன்னும் உண்டு. வேட்டையாடியே ஒழித்துவிட்ட விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் ஆஸ்ப்ரே என்ற பறவை) 1950-களில் லாக் கார்ட்டன் ஏரிப் பக்கம் மறுபடி கூடு கட்டியது, இன்றும் வசந்தத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வருகிறது. மரத்தைக் கடித்து வீழ்த்தும் பீவர் (நம்ம நீர்நாய் அல்ல, பெரிய கொறிக்கும் பிராணி) பல நூற்றாண்டுகளாக இல்லாமலிருந்து 2009-இல் மேற்குப் பக்கம் நாப்டேல் காட்டில் விடப்பட்டது. 2019 முதல் அதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. டே ஆற்றங்கரையில் பென்சில் சீவியதுபோல் கூராக நிற்கும் மரக்கட்டைகளைப் பார்த்தால் அது பீவரின் வேலை.

காடு வேண்டாம், கடல்தான் வேண்டும் என்பவர்களுக்கு இன்வர்னஸுக்குக் கிட்டத்தில் சானன்ரி முனை இருக்கிறது. வற்றிய கடல் மறுபடி ஏறத் தொடங்கும் நேரம் பார்த்துப் போங்கள். அந்த நீரோட்டத்தோடு வரும் சால்மனைப் பிடிக்க டால்பின்கள் கரைக்கு மிக அருகிலேயே வந்துவிடும், படகு கூட வேண்டாம். மூச்சு விடும் "புஸ்" சத்தம் கூழாங்கல் கரையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

ஒரு தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். மிட்ஜ் என்ற பொடிக்கொசு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கூட்டமாக வந்து பிடுங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குப் பக்கம் காற்றில்லாத மாலையில் வெளியே நிற்கவே முடியாது. கொஞ்சம் காற்று அடித்தாலே அதனால் பறக்க முடியாது என்பதால் ஏரிக்கரையைவிட மேடான, காற்றோட்டமான இடமாகப் பார்த்து உட்காருங்கள். என்னைக் கேட்டால் மே மாதம் வாருங்கள்: குயில் கூவும், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், மிட்ஜ் இன்னும் முழுசாகக் கிளம்பியிருக்காது. அது முடியாவிட்டால் அக்டோபர். செம்மான் கடாக்கள் மலையில் உறுமிக்கொண்டு ஒன்றோடொன்று மோதும் காலம் அது, ஆனால் தூர இருந்தே பார்க்க வேண்டும். ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்கோட்டு எந்த மாதமானாலும் கட்டாயம்.