கேட்டெல்லாம் இறங்கு!

திருச்சி டவுன் பஸ்ஸில் 11 வருடம் கண்டக்டராக இருந்தேன். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இருந்து ஸ்ரீரங்கம் போகிற வண்டி. மரக்கடை தாண்டியதும் குரல் தானாக உயரும்: "கேட்டு, கேட்டு! மெயின்கார்டு கேட்டெல்லாம் இறங்கு!" என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடை, தெப்பக்குளம், மலைக்கோட்டை, ஜோசப் காலேஜ் என்று பாதி வண்டி அங்கேயே காலியாகிவிடும். அடுத்தாற்போல் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துவிடும், அதற்குள் இன்வாய்ஸ் என்கிற டிக்கெட் கணக்குத் தாளை எழுதியாக வேண்டும். நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது.

ஒரு தீபாவளி சமயம். நெரிசலில் வண்டி மெயின்கார்டு கேட்டின் பழைய வாசல் வளைவுக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நின்றது. பாட்டி மடியில் ஜன்னலோரம் இருந்த சிறுமி கேட்டாள்: "மாமா, ராத்திரி இந்தக் கேட்டைப் பூட்டிடுவாங்களா?"

"இல்லம்மா, திறந்துதான் இருக்கும்" என்றேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன், கிடைத்ததைப் படித்தேன்.

ஒரு காலத்தில் பூட்டித்தான் இருக்கிறார்கள். நாயக்கர் காலக் கோட்டையின் மேற்கு வாசல் அது. மலையையும் தெப்பக்குளத்தையும் சுற்றி மதில், மதிலுக்கு வெளியே அகழி. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் சந்தா சாகிப் 1751-ல் முற்றுகையிட்டபோது, மற்றவரான முகமது அலி இந்தக் கோட்டைக்குள்தான் இருந்தார். 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து ரோடு போட்டார்கள். அகலமான சாலைக்கு வெள்ளைக்காரன் வைத்த 'பூல்வார்ட்' என்ற பெயர் நம் வாயில் புலிவார்டு ஆனது. மேலப்புலிவார்டு ரோடு! அகழி கிடந்த தடத்தின் மேல்தான் இத்தனை வருடம் நான் டிக்கெட் கிழித்திருக்கிறேன். இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் டியூட்டி முடிந்ததும் சத்திரத்தில் இருந்து நடந்தே வந்தேன். வளைவுக்கு அடியில் ஓரமாக நின்று சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஜவுளிப் பையோடு வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், டூவீலர்கள் என்று ஆள் போக்குவரத்து ஓயவே இல்லை. மதில் போயும் இந்த வாசல் பிழைத்துக்கிடக்கிறதே என்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதன் மேல் போஸ்டர் ஒட்டுகிறவர்களைக் கண்டால் மட்டும் இன்றைக்கும் கோபம் வரும்.

அப்புறம் ஒவ்வொரு டிரிப்பிலும் கேட்டு வரும்போது நிமிர்ந்து ஜன்னலோர சீட்டுகளைப் பார்ப்பேன். அந்தச் சிறுமி இருந்தால் சரியான பதிலைச் சொல்லிவிட வேண்டும்.