ராயக்கோட்டைப் பக்கம் ஒரு துப்பறியும் ஆயா

தர்மபுரியில் ரயில் ஏறினால் பாலக்கோடு, மாரண்டஅள்ளி தாண்டி ராயக்கோட்டை. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்த மலைக்கோட்டை அங்கே இருக்கிறது. ஏறி இறங்கினேன், முட்டி இன்னும் வலிக்கிறது. கோட்டையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது, அன்று சாயங்காலம் பக்கத்துக் கிராமத்து பால் சொசைட்டித் திண்ணையில் பார்த்த ஓர் ஆயாவைப் பற்றி.

வழியெல்லாம் மிஸ் மார்ப்பிள் கதை படித்துக்கொண்டு வந்ததும் ஒரு காரணம். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1927-இல் ஒரு சிறுகதையில் அறிமுகப்படுத்திய கிழவி அவர். செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் பின்னல் வேலை செய்தபடி கொலைகாரர்களைக் கண்டுபிடிப்பார். முதல் கதையிலேயே, யாரோ கடையில் வாங்கிய இறால் வீடு வந்து சேராமல் காணாமல் போனதைப் புதிர் என்று சொல்வார், கூட இருப்பவர்களுக்கு அது அற்பமாகப் படும். அவருடைய முறை ரொம்ப எளிது. புது ஆளைப் பார்த்தால், தன் ஊரில் அதே குணமுள்ள ஒருவர் நினைவுக்கு வருவார், அதை வைத்தே மற்றதை ஊகித்துவிடுவார்.

நம் ஆயாவும் அதே ரகம். பால் ஊற்ற வந்த ஒருவரின் கேனை அளந்தார்கள். டிகிரி, அதாவது தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும் அளவு, சரியாக இருந்தது, அளவு மட்டும் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் குறைவு. ஊற்றியவர் வெயிலைக் காரணம் சொன்னார். அவர் நகர்ந்ததும் ஆயா என் பக்கம் திரும்பி, "வெயிலாவது ஒண்ணாவது! மருமவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா. மாமியா கை வச்சா மாடு பாலை அடக்கிக்கும்" என்றார்.

பழகாத கை பட்டால் மாடு பாலை இறக்காது என்பது மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் அதிலிருந்து அந்த வீட்டுச் சண்டைக்குப் போனாரே! "அவன் அப்பனும் இப்பிடித்தான், சண்டைன்னா வெயில் மேல பழி போடுவான்" என்று முடித்தார். மார்ப்பிள் தோற்றார்.

யோசித்தால், துப்பறியும் கதைக்கு சொசைட்டியைவிட நல்ல இடம் கிடையாது. காலை, மாலை இரண்டு வேளையும் ஊரே வந்து போகும். யார் எப்போது வந்தார், எத்தனை லிட்டர் என்று நோட்டில் எழுதியிருக்கும். நூறு நாள் வேலையிலும் வருகைக்குப் போட்டோ எடுக்கிறார்கள். இங்கே கொலை செய்பவன் "நான் அங்கே இல்லை" என்று சொல்லித் தப்புவது கஷ்டம். கதைக்கு இடைஞ்சல் ஒன்றே ஒன்று: ஓசூர் கம்பெனி பஸ்களில் தினமும் பாதி இளவட்டம் வெளியே போய்வருகிறது. அந்தக் கதைகள் விரும்பும் மூடிய ஊர் இது இல்லை.

மார்ப்பிளுக்கு இன்னொரு வசதி உண்டு. ஸ்காட்லாந்து யார்டு என்னும் லண்டன் போலீஸின் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் அவர் சொல்லை மதிப்பார். அதனால்தான் கிழவியின் ஊகம் வழக்கில் செல்லுபடியாகிறது. அந்த அதிகாரி இல்லாவிட்டால் அதுவும் திண்ணைப் பேச்சோடு போயிருக்கும்.

நம் சட்டத்திலும் ஊராருக்கு ஓர் இடம் இருக்கிறது. சந்தேக மரணம் என்றால், அக்கம்பக்கத்து மதிப்புக்குரிய இரண்டு பேராவது உடனிருக்க போலீஸ் பிரேத விசாரணை நடத்த வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194. பஞ்சாயத்தார் என்று அவர்களைச் சொல்வார்கள்.

"உங்களை அதுக்குக் கூப்பிட்டிருக்காங்களா ஆயா?" என்று கேட்டேன்.

வெற்றிலையை மடித்தபடி சிரித்தார். "கையெழுத்துப் போட ஆம்பளைங்கதான் போவாங்க கண்ணு. போறதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு என்னைக் கேட்டுட்டுப் போவாங்க."