வடசேரி வீடும் ரெண்டாவது கார்டும்

நாகர்கோவில் வடசேரியில் வாடகைக்கு விட்ட வீட்டில் குளியலறை டைல்ஸ், மோட்டார் மாற்ற 60,000 ரூபாய் ஆனது. எல்லாம் கார்டில்தான் தேய்த்தேன். கொத்தனார் கூலி இதில் சேராது, அது ரொக்கம். "மக்கா, கார்ட வச்சு நான் என்ன செய்ய?" என்றார்.

பில் வந்ததும் மொத்தத்தையும் வேறு வங்கிக் கார்டுக்கு மாற்றினேன். மூன்று மாதம் வட்டி இல்லை. கட்டணம் 1.5 சதவீதம், 900 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 162. சரி, லாபம்தானே என்று இருந்துவிட்டேன்.

வாடகை 6,500. மூன்று மாதத்துக்கு 19,500. மீதி 40,500க்கு எங்கே போக? கெடு தாண்டினால் மாதம் 3.5 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 42! கடைசியில் மனைவி சீட்டு எடுத்து அடைத்தாள்.

நேற்று குடியிருப்பவர் போன் செய்தார், மொட்டைமாடி ஒழுகுதாம். நம்ம ஊருக்கு ரெண்டு மழைக்காலமாச்சே.