மூஞ்சூறு எலி இல்லை

கம்பம்மெட்டு தாண்டி ஏலத்தோட்டத்து லயங்களில் எலிப்பொறி வைக்காத வீடு அபூர்வம். அதில் மூஞ்சூறும் சிக்கும். "எலிதானே" என்று அடித்துப் போட்டுவிடுவார்கள். எனக்கு மனசே ஆறாது. தயவுசெய்து திறந்து விட்டுவிடுங்கள். வீட்டில் கரப்பான், வண்டு தின்பது அது. எலியும் இல்லை.

சந்தேகமிருந்தால் வாயைப் பாருங்கள் என்றுதான் டியூஷன் பிள்ளைகளிடம் சொல்வேன். எலிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு உளிப்பல். ஆயுசு முழுக்க வளரும். தேயத்தான் எதையாவது கொறிக்கிறது. உளிப்பல்லுக்குப் பின்னால் வெறும் ஈறு, அப்புறம் கடைவாய்ப்பல். மூஞ்சூறுக்கு அந்த இடைவெளி கிடையாது, வரிசையாக ஊசிப்பல். முள்ளெலி அதன் சொந்தம். சற்றுத் தள்ளி வௌவால், பூனை, மாடு, திமிங்கிலம்கூட அதே பெருங்கிளை. எலியோ அணில், முயல், குரங்கு, மனிதன் இருக்கும் கிளை. ஆக, எலிக்கு மூஞ்சூறைவிட நாம்தான் நெருங்கிய உறவு! 1758-ல், உயிரினங்களை வகைபிரித்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ் வௌவாலைக் குரங்கோடும் மனிதனோடும் ஒரே வரிசையில் வைத்தார். மரபணுவைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உறவுகள் இவ்வளவு தெளிவானது.

பாலூட்டிகளின் முதல் பிரிவினை எளிது. முட்டையிடுபவை பிளாட்டிபஸும் எக்கிட்னாக்களும் மட்டும். கங்காரு மாதிரிப் பைப்பாலூட்டிகள் அடுத்து. மற்றதெல்லாம் கருவை நஞ்சுக்கொடியோடு வயிற்றிலேயே வளர்த்துப் பெறுபவை. அவற்றில் நான்கு பெருங்கிளைகள். இரண்டைச் சொல்லிவிட்டேன். மூன்றாவது தென்னமெரிக்காவின் ஸ்லோத் (மரத்தில் மெல்ல நகரும் விலங்கு), ஓடு போர்த்திய ஆர்மடில்லோ வகை.

நான்காவது ஆப்பிரிக்கக் கிளை. அதற்கு 1998-ல்தான் பெயரே வைத்தார்கள். யானை அதில் சேரும். 2023 மே மாதம் கம்பம் தெருக்களில் அரிக்கொம்பன் என்ற காட்டானை ஓடியதை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. அவனுக்கு இந்தக் காட்டிலுள்ள காட்டுமாடு, மிளா எதுவும் நெருங்கிய சொந்தமில்லை. சொந்தம் பாக் நீரிணையில் கடற்புல் மேயும் ஆவுளியா, அதாவது கடற்பசு. யானைத் தந்தமும் ஆண் ஆவுளியாவின் தந்தமும் வெட்டுப்பல் நீண்டு வந்தவைதான். இரண்டுக்கும் மடி முன்னங்காலுக்கு அருகே, நெஞ்சில்.

பல்லை மட்டும் நம்பினால் அழுங்கிடம் மாட்டிக்கொள்வோம். அதற்குப் பல்லே கிடையாது. உடம்பெல்லாம் செதில், எறும்பு தின்ன நீண்ட நாக்கு. தென்னமெரிக்க எறும்புத்தின்னிக்கும் பல் இல்லை, நாக்கும் அப்படித்தான். ஆனால் கிளை வேறு. மரபணுப்படி அழுங்குக்கு நெருங்கிய உறவு பூனை, நாய், புலி இருக்கும் ஊனுண்ணிக் கூட்டம்.