அசையாத முகங்கள்

மார்ச் 3

காலையிலிருந்து ஒரே வில்லனை ஒன்பது முறை வரைந்து கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் புருவத்தை இன்னும் கொஞ்சம் நெரித்தேன், பல்லை இன்னும் கொஞ்சம் கூராக்கினேன். கோபம் கூடியதே தவிர பயம் வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு காமிக்ஸ் பத்திரிகை ஆசிரியர், "இவன் கெட்டவன்னு முதல் கட்டத்திலேயே தெரியணும்" என்று சொல்லி என் படத்தைத் திருப்பி அனுப்பினார். தழும்பு போட்டு, கண்ணைச் சிவப்பாக்கிக் கொடுத்தேன். அந்தப் பழக்கம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

மார்ச் 4

ராத்திரி 1992-ஆம் வருட பேட்மேன் அனிமேஷன் தொடரை எடுத்து, 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எபிசோடை மறுபடி பார்த்தேன். பால் டினி எழுதி, புரூஸ் டிம் இயக்கியது. இதன் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ். 1959-இல் காமிக்ஸில் அறிமுகமானபோது அவன் பெயர் மிஸ்டர் ஸீரோ. உறைய வைக்கும் துப்பாக்கி வைத்திருந்த திருடன், அவ்வளவுதான். அவனுக்கு நோரா என்ற மனைவியையும், அவளுடைய தீராத நோயையும், அவளை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றும் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திய ஒரு முதலாளியையும் தந்தது இந்த எபிசோட்தான். அதற்குப் பிறகு யாராலும் அவனைப் பழைய திருடனாகப் பார்க்க முடியவில்லை.

இன்று நான் கவனித்தது அவன் முகத்தை. அது அசைவதே இல்லை. மைக்கேல் அன்சாராவின் குரலும் ஏற்ற இறக்கமில்லாமல் அப்படியே போகிறது. துக்கம் முழுவதும் கையில் இருக்கிறது, நடனமாடும் சின்னப் பெண் பொம்மை உள்ள அந்தக் கண்ணாடி உருண்டையைப் பிடித்திருக்கும் கையில்.

நடந்த விபரீதம் ஒரு வீடியோ டேப்பில் வருகிறது. பேட்மேன் அதைப் பார்க்கிறார், அவரோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். ஹீரோ மனம் கலங்கும் அதே நொடியில் நமக்கும் கலங்குகிறது. இப்போது வரும் பல தொடர்களில் எல்லா வில்லனுக்கும் ஒரு சோகமான சின்ன வயசை ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்து மனம் மாற அந்தக் கதைக்குள்ளேயே ஆள் இல்லையென்றால் நமக்கு மட்டும் எப்படி வலிக்கும்?

மார்ச் 6

ஜோக்கர். 1940, பேட்மேன் முதல் இதழ். 1928-இல் வந்த மௌனப் படம் ஒன்றில் கான்ராட் வைட் செய்த வேடம்தான் அந்த முகத்துக்கு மூலம். படத்தில் அவன் நல்லவன். வாயை வெட்டிச் சிரிப்பாக்கிவிட்டார்கள், அழும்போதும் சிரித்தபடிதான் இருக்க வேண்டும். ஜோக்கரிடம் என்னைப் பயமுறுத்துவதும் அதுதான். எந்நேரமும் சிரிக்கும் முகத்தைப் பார்த்து அவன் உள்ளே என்ன நினைக்கிறான் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மார்ச் 7

எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னீட்டோ மட்டும் இந்த அசையாத முகக் கணக்குக்குள் அடங்கவில்லை. பிறவியிலேயே அதிசய சக்தி கொண்ட தன் இனத்தை மனிதர்கள் நிம்மதியாக வாழ விடமாட்டார்கள் என்று தொண்ணூறுகளின் எக்ஸ்-மென் தொடரில் ஓயாமல் முழங்குகிறார், இருந்தும் நம்புகிறேன். வாதம் வலுவாக இருந்தால் முகம் எப்படி இருந்தாலும் சரி. 1963-இல் வந்தவருக்கு நாஜி வதைமுகாம் கடந்த காலம் 1981-இல்தான் சேர்ந்தது. அந்த வாதத்துக்கு வேர் கிடைத்தது அப்போதுதான்.

மார்ச் 11

ஜாக் கிர்பி வரைந்த டாக்டர் டூம் பக்கங்களை மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். 1962-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸில் வந்த வில்லன். இரும்பு முகமூடி, இரண்டு ஓட்டைகளில் கண், வேறு எதுவும் கிடையாது. அதனால் கிர்பி விரல்களை நடிக்க வைக்கிறார். விரிந்த உள்ளங்கை, மடங்கிய முட்டி, வாசகனை நோக்கி நீளும் சுட்டுவிரல்.

அனிமேஷனில் முகத்தை எளிமையாக விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் 12 படம் வேண்டும். கன்னத்தில் ஆசையாகப் போட்ட ஒரு சுருக்கத்தை, அவன் அசையும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 720 தடவை யாரோ ஒருவர் வரைய வேண்டும். புரூஸ் டிம்மின் உருவங்களில் கோடு ஏன் அத்தனை குறைவு என்பது எனக்கு இப்படித்தான் விளங்கியது. அந்த பேட்மேன் தொடரின் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் தீட்டினார்கள். இருட்டு முதலிலேயே இருக்கிறது, வெளிச்சத்தை மட்டும் சேர்த்தால் போதும். கணினியில் நிழல் மேல் நிழல் அடுக்கும் இன்றைய தொடர்கள் எதிலும் அந்த இருட்டை நான் பார்க்கவில்லை.

மார்ச் 12

பத்தாவது படம். தழும்பை எடுத்தேன், பல்லை மூடினேன், புருவத்தை நேராக்கினேன். அவன் இப்போது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றுகிறான். மூன்று கட்டம், வசனம் இல்லை. இதைக் கிழிக்கவில்லை.