“எந்த ட்ரோன்?”: எஸ்.எஸ்.பி.யில் நான் பதில் சொல்லாத கேள்வி

முப்படை அதிகாரிப் பணிக்கான சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறி, சென்னை ஓ.டி.ஏ. என்ற ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் சேர்வதற்கான எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்கு முதல் முறை பெங்களூரு போனபோது, குழு விவாதத்தில் எங்களுக்கு விழுந்த தலைப்பு இது: ராணுவ ட்ரோனை இயக்கும் தகுதி விமானிகளுக்கு மட்டும்தானா, பயிற்சி பெற்ற எந்தப் படைவீரருக்கும் உண்டா?

முதலில் வாயைத் திறந்தது நான்தான். “விமானிகள் மட்டும்” என்றேன். அதன் பிறகு நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எதிரே உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்ப் பெண் அதிகம் பேசவில்லை. நடுவில் ஒரே ஒரு முறை கேட்டார்: “எந்த ட்ரோன்?” அதைக் கேட்காததுபோல் கடந்துவிட்டேன். கையளவு ட்ரோனும், பயணிகள் விமானத்தோடு ஒரே வானத்தைப் பகிர்ந்துகொள்ளும் ட்ரோனும் என் மனத்தில் அன்று ஒன்றுதான்.

ஐந்தாம் நாள், தேர்வாளர்கள் எல்லோரும் கூடும் மாநாடு முடிந்து அறிவித்த பட்டியலில் என் எண் இல்லை. அந்த விவாதம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஐந்து நாளில் வழுக்கி விழ எத்தனையோ இடங்கள் உண்டு. ஆனால் ரயிலில் திரும்பும்போது மனத்தைக் குடைந்தது அந்த இரண்டு சொற்கள்தான்.

பல்லாவரம் வந்ததும் அப்பாவிடம் புலம்பினேன். அவர் மாநகரப் பேருந்து ஓட்டுநர். “ஸ்டீயரிங் என் கையில்தான் இருக்கிறது. ஆனால் கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டியை நகர்த்த மாட்டேன். எந்த ரூட்டில் போவது என்பதை டெப்போ சொல்லும். நீ ஸ்டீயரிங்கை மட்டும் பார்த்துப் பேசியிருக்கிறாய்” என்றார். நான் வாங்கி வைத்திருந்த வழிகாட்டி நூல் எதிலும் இப்படி ஒரு விளக்கம் இல்லை.

அதற்குப் பிறகு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் இந்த ஒரு தலைப்பை இரண்டு வாரம் தோண்டினேன். அமெரிக்க விமானப்படையின் எம்.க்யூ.-9 ட்ரோனை இயக்க, தரையிலுள்ள நிலையத்தில் இருவர் அருகருகே உட்காருகிறார்கள். ஒருவர் விமானி, அதிகாரி. மற்றவர் கேமராவையும் லேசரையும் கையாளும் சென்சார் ஆபரேட்டர், பெரும்பாலும் அதிகாரி அல்லாத படைவீரர். தொடக்கத்தில் விமானம் ஓட்டிப் பழகியவர்களையே விமானி இருக்கையில் அமர்த்தினார்கள். ஆள் போதவில்லை. பிறகு விமானமே ஓட்டியிராதவர்களை நேரடியாக ட்ரோன் பயிற்சிக்கு எடுத்தார்கள். அதிகாரி அல்லாதவர்களையும் விமானி இருக்கையில் அமர்த்தலாம் என்று 2015 இறுதியில் அறிவித்தபோது, அதற்குத் தேர்ந்தெடுத்தது ஆயுதமில்லாத குளோபல் ஹாக் உளவு ட்ரோனை. அதே நாட்டின் தரைப்படையிலோ, ஆயுதம் தாங்கிய கிரே ஈகிள் ட்ரோனை அதிகாரி அல்லாதவர்களே இயக்குகிறார்கள். ஒரே நாட்டில் இரண்டு விடைகள் இருக்கும்போது, நான் பதினைந்து நிமிடம் ஒற்றை விடைக்காகத் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

நம் நாட்டு விவரங்களை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அவை எதைக் காட்டுகின்றன என்று பாருங்கள். விமானப்படைக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட ஆயுத அமைப்புகள் பிரிவின் நான்கு கிளைகளில் ஒன்று, தொலைவிலிருந்து இயக்கும் விமானங்களுக்கானது. அதாவது, இது விமானியின் உபரி வேலை அல்ல, தனித் தொழில். தரைப்படையில் பீரங்கிப் படையிடம் இருந்த பெரிய ட்ரோன்கள் 2021இல் ராணுவ விமானப் பிரிவுக்கு மாறின. 2025 ஜூலையில் காலாட்படை பட்டாலியன்தோறும் ட்ரோன் பிளாட்டூன், அதாவது ட்ரோனுக்கென்றே ஒரு சிறு படைக்குழு, என்ற அறிவிப்பு வந்தது. பெரியது விமானப் பிரிவுக்கு, சிறியது ஜவான் கைக்கு. கோயம்புத்தூர்ப் பெண் கேட்ட கேள்விக்கு ராணுவமே விடை எழுதி வைத்திருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் கடற்படை 2020 முதல் குத்தகைக்கு எடுத்த சீ கார்டியன் ட்ரோன்களை இயக்கியது. 2024 செப்டம்பரில் அவற்றில் ஒன்று கோளாறாகி, சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. அடுத்த மாதமே முப்படைகளுக்கும் சேர்த்து அதே வகையில் 31 ட்ரோன்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த வகை தானாகவே மேலெழும்பும், தானாகவே தரையிறங்கும். அப்படியானால் இயக்குபவருக்கு எதற்குத் தகுதி? வானிலை, வான்வெளி விதிகள், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையோடு பேசும் முறை, எல்லாவற்றுக்கும் மேலாகத் திரையில் தெரிவது என்ன என்ற தெளிவு.

இந்தக் கடைசி விஷயத்துக்கு நான் குறித்து வைத்தது காபூல், 2021 ஆகஸ்ட் 29. ஒரு வெள்ளை டொயோட்டா காரை அமெரிக்க ட்ரோன்கள் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. காரில் ஏற்றிய தண்ணீர்க் கேன்களை வெடிபொருள் என்று எண்ணித் தாக்கினார்கள். இறந்த பத்துப் பேரும் பொதுமக்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள். ஓட்டியதில் பிழை இல்லை. பார்த்ததிலும் முடிவெடுத்ததிலும்தான் பிழை. விமானிக்கான சிறகுச் சின்னம் அணிந்தவரா என்ற கேள்வி இங்கே உதவவே உதவாது.

இடையில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ட்ரோன் சான்றிதழ் இருந்தால் எஸ்.எஸ்.பி.யில் தனி மதிப்பு என்று ஒரு பயிற்சி மையம் ஆசை காட்டியது. பணம் கட்டினேன். 2021 ட்ரோன் விதிகளின்படி அந்தச் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பும் 18 வயதும் போதும். முப்படைகளுக்கு அந்த விதிகளே பொருந்தா. ஓ.டி.ஏ.வுக்கு வேண்டியது பட்டம், ஆங்கிலத்தில் 100, பொது அறிவில் 100, பிறகு எஸ்.எஸ்.பி.யில் 200 மதிப்பெண், அவ்வளவுதான்.

காசு முழுவதும் வீண் என்றும் சொல்ல முடியாது. கேளம்பாக்கம் பக்கம் ஒரு திடலில் பிற்பகல் பயிற்சி. பயிற்சியாளர் ஜி.பி.எஸ்.ஸை அணைத்தார். அதுவரை ஆணி அடித்ததுபோல் நின்ற ட்ரோன், கடற்காற்றில் மேற்கே நழுவத் தொடங்கியது. அதன் மூக்கு என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இடப்பக்கம் கொண்டுவர ரிமோட்டின் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினேன். அது வலப்பக்கம், நேராகத் தென்னையை நோக்கிப் போனது. ஓலையில் உரசி, ஓர் இறக்கை உடைந்து விழுந்தது. களத்தில் சிறு ட்ரோன் ஓட்டும் ஜவானின் கட்டைவிரலுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த நொடியில் புரிந்தது. போர் விமானம் ஓட்டியவருக்கும் அது புதிதாகப் பழக வேண்டிய வித்தைதான்.

தயாராகிறவர்களுக்கு நான் சொல்வது: தலைப்பு கையில் கிடைத்ததும் பக்கம் எடுக்காதீர்கள், அதைப் பிளந்து பாருங்கள். எந்தக் கருவி, எந்த இருக்கை, தவறினால் யார் பொறுப்பு? விவாதம் ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் முதலில் தமிழில் வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள். அப்பாவுக்குப் புரியாத என் வாதங்கள் எல்லாமே எனக்கும் புரியாதவையாக இருந்தன.

இரண்டாம் முறை போனபோது ட்ரோன் வரவே இல்லை. நகரங்களில் தனியார் கார்களைக் கட்டுப்படுத்தலாமா என்பது தலைப்பு. மூன்றாவதாகத்தான் பேசினேன். “எந்தச் சாலையில், எந்த நேரத்தில்?” என்று தொடங்கினேன். இந்த முறை பட்டியலில் என் எண் இருந்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது; மெரிட் பட்டியல் இன்னும் வரவில்லை.