போக்கா தோ லிஷோ: ஒரு சினிமாத் தெருவின் நாட்குறிப்பு

பிப்ரவரி 4

பிரேசிலின் சாவோ பாலோ நகரத்தில் எடுத்த மலிவான கவர்ச்சி, திகில் படங்களின் கதையை ரயிலடியில்தான் தொடங்க வேண்டும். லூஸ், ஜூலியோ பிரெஸ்டெஸ் நிலையங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. உட்பகுதி ஊர்களுக்குப் படப்பெட்டி அனுப்ப வசதியென்று பாரமவுண்ட் போன்ற அமெரிக்க விநியோகக் கம்பெனிகள் அந்தப் பக்கமே அலுவலகம் போட்டன. 1961இல் வெளியூர் பஸ் நிலையமும் அங்கேயே வந்தது. விநியோகஸ்தர்களைத் தொடர்ந்து உள்ளூர்த் தயாரிப்பாளர்களும் வந்து சேர்ந்தார்கள். ருவா தோ திரியும்ஃபோ தெருவின் சோபெரானோ பாரில் லைட்மேன், துணை நடிகை, டைரக்டர் எல்லோரும் வேலைக்காகக் காத்திருப்பார்கள். ஒரு யூனிட்டையே அந்தத் தெருவில் திரட்டிவிடலாம். பாலியல் தொழிலும் அடிதடியும் நடந்த பகுதி என்பதால் அதற்குப் போக்கா தோ லிஷோ, அதாவது 'குப்பை வாய்' என்று பெயர்.

பிப்ரவரி 5

தியேட்டர்காரர்கள் ஏன் பணம் போட்டார்கள்? சட்டம். பிரேசில் படங்களை வருடத்தில் இத்தனை நாள் ஓட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 1963இல் 56 நாளாக இருந்தது; 1975இல் 112, 1978இல் 133, 1980இல் 140 என்று ஏறியது. எப்படியும் ஓட்டத்தான் போகிறோம், நம் பணத்தில் எடுத்த படத்தையே ஓட்டுவோமே என்று தியேட்டர்காரர்களும் விநியோகஸ்தர்களும் முன்பணம் கொடுத்தார்கள். தலைப்பையும் போஸ்டரையும் காட்டியே வியாபாரம் பேசிவிடலாம், கதை பிறகு வரும். அந்தோனியோ போலோ கலான்தே மாதிரித் தயாரிப்பாளர்கள் இந்தக் கணக்கில் கைதேர்ந்தவர்கள். நாட்டைச் சர்வாதிகாரம் ஆண்டபோது இந்தப் படங்கள் பெருகியதற்குப் பெண்ணுடல் மோகத்தை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்தச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள்.

பிப்ரவரி 9

நெகட்டிவ் கணக்கு. இந்தப் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதற்கான பாதிப் பதில் இதில் இருக்கிறது.

35 எம்.எம். பிலிம், வினாடிக்கு 24 ஃபிரேம். ஒரு நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். 90 நிமிடப் படத்துக்கு முடிந்த நீளமே ஏறத்தாழ 2,470 மீட்டர். முடிந்த படத்தின் ஒரு மீட்டருக்கு மூன்று மீட்டர் என்று எடுத்தால் 7,400 மீட்டர், அதாவது 305 மீட்டர் ரோல் இருபத்தைந்து. எல்லாம் இறக்குமதிச் சரக்கு. ஆகவே ஒத்திகை கேமரா ஓடாமலே முடிந்துவிட வேண்டும். ஒரே டேக்கில் சரியாக வந்தால் அதோடு அடுத்த ஷாட்.

மற்ற படங்களில் மிஞ்சிய துண்டு நெகட்டிவையும் வாங்குவார்கள். 30 மீட்டர் துண்டில் 65 வினாடிதான் கிடைக்கும், அதில் நீண்ட வசனம் எடுக்க முடியாது. வேறு வேறு தயாரிப்பு எண் கொண்ட துண்டுகளை ஒரே காட்சியில் கலந்தால், அதே முகம் ஒரு ஷாட்டில் பச்சையடிக்கும், அடுத்ததில் சிவக்கும். லேபில் ஓரளவுதான் சமன் செய்யலாம். பழைய சரக்கென்றால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிடும். விவரமான கேமராமேன் முழு ரோலை ஜோடிக் காட்சிக்கு ஒதுக்கி, துண்டுகளைத் தெரு, கார், கைக் க்ளோசப் போன்ற, முன்பின் ஷாட்டோடு நிறம் ஒத்துப்போகத் தேவையில்லாத ஷாட்டுகளுக்குத் தள்ளிவிடுவார்.

பிப்ரவரி 10

சத்தம். ஆரிஃபிளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள் தையல் மெஷின் மாதிரி இரையும், நேரடி ஒலிப்பதிவுக்கு ஆகாது. அதனால் முழுக்க டப்பிங். காட்சியைச் சின்னச் சின்ன லூப்பாக வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். உதட்டைப் பார்த்து நடிகர் பேசுவார். பெரும்பாலும் வேறொருவர் பேசுவார். உதடு பொருந்தாததைவிடப் பெரிய பிழை, அறைக்கும் தெருவுக்கும் ஒரே குரல் ஒலிப்பது. மைக்கைத் தள்ளி வைத்துப் பேசவைத்து, காலடிச் சத்தமும் காற்றும் சேர்த்தால் அது பாதி மறையும். நேரமில்லாதவர்கள் அதன் மேல் இசையைப் போட்டு மூடினார்கள்.

பிப்ரவரி 15

ஜோசே மொஜிக்கா மரின்ஸ் (1936–2020), திகில் பட டைரக்டர். உயரத் தொப்பி, கறுப்பு அங்கி, நீண்ட நகம்: அவரே நடித்த வெட்டியான் பாத்திரம் ஸே தோ காய்ஷாவ் 1964இல் திரைக்கு வந்தான். மரின்ஸுக்கு ஸ்டூடியோவாக இருந்தது ஒரு பழைய யூத ஆலயம். அந்த வெட்டியான் வரும் இரண்டாம் படம் 1967இல் வந்தது, கறுப்பு வெள்ளை. நடுவில் நரகம் மட்டும் வண்ணத்தில் விரியும். பெண்கள் மேல் ஊரும் சிலந்திகள் நிஜமானவை. வாழ்நாள் முழுக்கக் கடவுளை மறுத்தவன், முடிவில் கடவுளை ஏற்றுச் சாகிறான். அது தணிக்கைக்காரர்கள் திணித்த முடிவு. பாத்திரத்தின் முதுகெலும்பையே முறித்த வெட்டு அது. அந்தக் கடைசி நிமிடத்தைக் கணக்கில் எடுக்காமல்தான் நான் அந்தப் படத்தைப் பார்ப்பேன். அவரது 1970 படம் தடைசெய்யப்பட்டது.

பிப்ரவரி 16

ஓசுவால்தோ கண்டேயாஸ், ரொஜேரியோ ஸ்கன்செர்லா, கார்லோஸ் ரைஷென்பாக். மூவரும் டைரக்டர்கள், இதே தெருக்காரர்கள். ரைஷென்பாக் 1979இல் எடுத்த ஒரு படத்தில், தயாரிப்பாளர் கலான்தே கேட்ட சதையைக் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தில் அரசியல் பேசினார்.

பிப்ரவரி 22

1982 ஜூலையில் 'கோய்ஸாஸ் எரோட்டிகாஸ்' வெளியானது. பிரேசிலின் முதல் அப்பட்டமான உடலுறவுப் படம். பல லட்சம் பேர் பார்த்தார்கள். அதன் பிறகு மற்ற வகைகளுக்குத் தியேட்டர் கிடைப்பது அரிதானது. மரின்ஸே 1985இல் அந்த வகையில் ஒன்று எடுத்தார். ஏற்கெனவே முடிந்த படங்களிலும் 'பிட்' ஒட்டினார்கள்.

இன்று ஒரு பிரதி கைக்கு வந்தால் ஒட்டிய பிட்டைக் கண்டுபிடிக்கும் வழி: பிட்டில் முகம் இருக்காது, கழுத்துக்குக் கீழேதான் ஃபிரேம். சுவர், படுக்கை விரிப்பு மாறும். படத்தில் தெரியும் பிலிமின் புள்ளித் துகளும் விளக்கின் திசையும் முன்பின் ஷாட்டோடு சேராது. வசனம் நின்று, ஒரே இசைத்துண்டு சுற்றிச் சுற்றி வரும். முதல் வெளியீட்டின் நீளம் தெரிந்திருந்தால் அதையும் ஒப்பிட வேண்டும். ஆனால் நீளம் சரியாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது, பிட்டைச் சேர்த்தவர்கள் வேறு காட்சியை எடுத்துவிட்டிருக்கலாம்.